"வாரண்ட் இருக்கா இல்லியா, எங்க போய் கேக்க?" – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஜாமீன் பத்தி எழுதினதுக்கு பிறகு வந்த கடிதங்கள்ல நெறைய பிடிவாரண்ட் பத்தித்தான், அதனால இந்த தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். நான் வக்கீல் இல்ல. நம்ம மாவட்டத்து கோர்ட்டுகள்ல பெஞ்ச் கிளார்க்கா, ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவ. வாரண்ட் டைப் ஆகி சீல் விழுந்து ஸ்டேஷனுக்கு போறது எனக்க கை வழியாத்தான், அத ரத்து பண்ணி திரும்ப வாங்கி ஃபைல்ல சேத்ததும் இதே கைதான். அந்த பழக்கத்துல சொல்றேன். உங்க கேஸுக்கு எந்த மனு சரின்னு முடிவா சொல்ல வேண்டியது உங்க வக்கீல்.

கேள்வி: அக்கா, எனக்க அண்ணன் ஆழ்கடல் போட்டுல போறவன், போனா முப்பது நாப்பது நாள் கழிச்சுத்தான் கரைக்கு வருவான். 2019ல திருநாள் அன்னைக்கு நடந்த ஒரு அடிதடியில அவன் பேரையும் சேத்து கேஸ் போட்டாவ. ஜாமீன் எடுத்தோம், ரெண்டு வாய்தாவுக்கு போனான், பின்ன வக்கீலும் ஒண்ணும் சொல்லல, நாங்களும் விட்டுட்டோம். போன வாரம் ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் வந்து அவனுக்கு பிடிவாரண்ட் இருக்கு, வந்ததும் சொல்லுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. எந்த கோர்ட்டு, என்ன நம்பர்னு கூட அறியாது, கையில ஒரு பேப்பரும் இல்ல. அவன் கரைக்கு வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அம்மைக்கு பேடியில சோறு எறங்கல. – ஒரு தங்கச்சி, தூத்தூர் பக்கம்

பேப்பர் இல்லன்னு பயப்படாத தங்கச்சி, பேப்பர் எல்லாம் கோர்ட்டுல இருக்கு. அம்மைய மொதல்ல சாப்பிட சொல்லு. இந்த ரெண்டு வாரம் உங்களுக்கு கெடச்ச நல்ல நேரம், அவன் கடல்ல இருக்கும்போதே நீங்க பாதி வேலைய முடிச்சிரலாம்.

என்ன நடந்திருக்கும்னு சொல்றேன். வாய்தா அன்னைக்கு டவாலி வாசல்ல நின்னு பேர மூணு தடவ கூப்பிடுவாரு, ஆள் இல்ல, ஆளுக்கு பதிலா வக்கீல் எழுந்து இன்னைக்கு அவரால வர முடியலன்னு மனு போடவும் இல்லன்னா நீதிபதி ஃபைல்ல என்.பி.டபிள்யூ.ன்னு எழுதிருவாரு, அதாவது ஜாமீன்ல விட முடியாத பிடிவாரண்ட். அந்த ஆஜர் விலக்கு மனுவ 317னு சொல்லித்தான் எங்களுக்கு பழக்கம், 2024 ஜூலை 1ல இருந்து புது நடைமுறை சட்டம் பிஎன்எஸ்எஸ் வந்த பிறகு அது 355 ஆகிருச்சு. அந்த ஒரு மனு போட ஆள் இல்லாம போனதுனாலதான் நம்ம கடல்கரையில பாதி வாரண்ட் பிறக்குதுன்னு நான் நெனைக்கேன். அந்த பசங்க ஒளிஞ்சவங்க இல்ல, கடல்ல கெடந்தவங்க.

இன்னொன்னு நல்லா புரிஞ்சுக்கணும், வாரண்ட்டுக்கு காலாவதி கெடையாது. குடுத்த கோர்ட்டே ரத்து பண்ற வரைக்கும், இல்லன்னா போலீஸ் ஆள பிடிக்கிற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். பழைய சட்டத்துல 70(2), புதுசுல 72(2), ரெண்டுலயும் இதுதான். அஞ்சு வருஷம் ஆச்சு இனி யாரு தேடுவான்னு இருந்த ஆளு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு போன எடத்துல மாட்டுனத நான் பாத்திருக்கேன்.

இப்ப கண்டுபிடிக்கிற வழி. அடிதடி எந்த ஸ்டேஷன் எல்லையில நடந்துச்சோ அந்த ஸ்டேஷனுக்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுலதான் கேஸ் இருக்கும். நம்ம மாவட்டத்துல நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி இந்த அஞ்சு எடத்துல கோர்ட் இருக்கு. தூத்தூர் பக்கத்து கேஸுன்னா குழித்துறையில தேட ஆரம்பி. போன்ல இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப் இறக்கி, இல்ல அதே பேர்ல உள்ள சைட்டுல போயி, தமிழ்நாடு, கன்னியாகுமரி, பிறகு குழித்துறை கோர்ட் காம்ப்ளக்ஸ்னு தேர்ந்தெடு. எஃப்ஐஆர் நம்பர், ஸ்டேஷன், வருஷம் தெரிஞ்சா அத வச்சே தேடலாம், அது இல்லன்னா பேர வச்சு தேடலாம். பேர்ல தேடும்போது ஒரு தடவ தேடிட்டு இல்லன்னு விட்டுராத. இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டி ஏத்துறப்ப ஒரே பேர மூணு விதமா ஏத்தியிருப்பாங்க, 'தாசன்'னு இருக்கிறது 'தாஸ்'னு இருக்கும், ஞானஸ்நான பேர் இருக்கும், வீட்டுல கூப்பிடுற பேர் இருக்கும், அப்பா பேர் முன்னாடி வந்திருக்கும். கூட சேந்து கேஸ்ல உள்ள மத்த பசங்க பேரையும் போட்டு பாரு. கேஸ் கெடச்சா சிஎன்ஆர்னு ஒரு 16 எழுத்து நம்பர் இருக்கும், அத எழுதி வச்சுக்கோ, இனி எப்ப வேணும்னாலும் அந்த ஒரு நம்பர் போதும். அடுத்த வாய்தா தேதியும், கேஸ் எந்த கட்டத்துல நிக்குதுங்கிறதும் அதுலயே வரும். அந்த எடத்துல என்.பி.டபிள்யூ.ன்னு இருந்தா சந்தேகமே இல்ல.

ஆனா ஆப்புல தெரியலன்னா வாரண்ட் இல்லன்னு அர்த்தம் கெடையாது, இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. ரொம்ப நாளா ஆள் வரலன்னா கேஸ எல்.பி.சி.ன்னு தனி ரிஜிஸ்டருக்கு மாத்திருவாங்க, நீண்டகாலமா நிலுவையில உள்ள கேஸுன்னு அர்த்தம், அப்ப நம்பரே மாறிரும். இல்லன்னா கூட உள்ள அஞ்சு பேரு ஒழுங்கா வந்துட்டு இருந்தா, அவங்க கேஸ நடத்துறதுக்காக உங்க அண்ணன மட்டும் பிரிச்சு தனி நம்பர் குடுத்திருப்பாங்க, ஸ்ப்ளிட் அப்னு சொல்வோம். பழைய சி.சி. நம்பர, அதாவது மொதல்ல குடுத்த கேஸ் நம்பர, சொல்லி கேட்டா அது முடிஞ்சு போச்சேன்னு பதில் வரும், அத கேட்டுட்டு சந்தோசமா பஸ் ஏறிப் போன ஒரு அப்பாவ எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால 'அந்த கேஸ் என்ன ஆச்சு'ன்னு மட்டும் கேட்டுட்டு வராத, 'எனக்க அண்ணன் பேர பிரிச்சிருக்கா, எல்.பி.சி.க்கு போயிருக்கா'ன்னு சேத்து கேளு. மத்தவங்க கேஸ் விடுதலையில முடிஞ்சிருந்தா அந்த தீர்ப்பு நகல் வாங்கி வை, அது தானா உங்க அண்ணன காப்பாத்தாது, ஆனா வக்கீலுக்கு கையில கெடைக்கிற நல்ல ஆயுதம்.

நேர்ல போறதுன்னா காலையில பத்தரைக்கு பெஞ்ச் உக்காந்த பிறகு போய் நின்னா யாரும் நிமிந்து பாக்க மாட்டாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அந்த நேரத்துல நாங்க பட்ட பாடு எனக்கு தெரியும். பத்து மணிக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல போ. உனக்கு தெரிஞ்ச ஜூனியர் வக்கீல் யாராவது இருந்தா கூட கூட்டிட்டு போறது இன்னும் எளிது, அவங்களுக்கு ஃபைல் பாக்க வழி இருக்கு. வாசல்ல நின்னு 'வாரண்ட்ட நான் க்ளோஸ் பண்ணி தாறேன், பத்தாயிரம் குடு'ன்னு சொல்றவன்கிட்ட ஒரு ரூபா குடுக்காத. வாரண்ட்ட க்ளோஸ் பண்ற அதிகாரம் அந்த நாற்காலியில இருக்கிற ஒருத்தருக்குத்தான், ஸ்டேஷன்ல கூட யாராலயும் முடியாது.

பிறகு ரீகால், அதாவது வாரண்ட்ட ரத்து பண்ணி வாங்குறது. அண்ணன் கரைக்கு வந்ததும் வேற எங்கயும் போகாம வக்கீலோட நேரா அந்த கோர்ட்டுக்கு போகணும். பழைய வக்கீல் வேண்டாம்னா அவர்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து வாங்கி புது வக்காலத்து போடணும், இதுக்கே ரெண்டு மூணு நாள் இழுக்கும், அதனால இத இப்பவே முடிச்சு வை. வாரண்ட் ரத்து மனு, கூடவே ஏன் வர முடியலன்னு அண்ணன் சத்தியம் பண்ணி சொல்ற அஃபிடவிட். அதுல உள்ளத உள்ளபடி எழுத சொல்லு தங்கச்சி, ஆழ்கடல் தொழில், கரைக்கு வர இத்தன நாளாகும், வாய்தா தேதி தெரியல, போட் ஓனர் எழுதி குடுத்த லெட்டர் இணைச்சிருக்கு, இது போதும். காய்ச்சல்னு பொய் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி வைக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு, அது வேண்டவே வேண்டாம், நீதிபதிங்க அந்த மாதிரி ஆயிரம் பாத்தவங்க, கடல் தொழிலாளின்னு உண்மைய சொன்னப்ப எறங்கி வந்த நீதிபதிங்களத்தான் நான் அதிகம் பாத்தேன்.

போற அன்னைக்கு காலையிலேயே போகணும், மனு நம்பர் ஆகி, கூப்பிடுற வரைக்கும் கோர்ட்டுக்குள்ளயே இருக்கணும். ரெண்டு ஜாமீன்தாரரையும் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட கூட்டிட்டு போ, பழைய பாண்ட், அதாவது ஜாமீன் பத்திரம், போயிருச்சுன்னா புதுசு கேப்பாங்க. முதல் தடவ தவறினவங்களுக்கு பெரும்பாலும் அன்னைக்கே ரத்து ஆகும், சில சமயம் ஒரு தொகை கட்ட சொல்வாங்க. உறுதியா ஆகும்னு நான் சொல்ல மாட்டேன், கேஸ் பெருசா இருந்தாலோ இது மூணாவது நாலாவது தடவன்னாலோ ரிமாண்ட் பண்ணவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, ஜாமீன்ல போயிட்டு சரியான காரணம் இல்லாம வராம இருக்கிறது தனி குற்றமும் கூட, பழைய தண்டனை சட்டத்துல 229ஏ, புது தண்டனை சட்டம் பிஎன்எஸ்ல 269, ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. ஆனா பிடிச்சு கொண்டு வந்து நிறுத்தின ஆளையும் தானா நடந்து வந்த ஆளையும் எந்த நீதிபதியும் ஒண்ணா பாக்கிறதில்ல, இத்தன வருஷத்துல நான் கண்டது இது.

ரத்து ஆனதோட விட்டுராதீங்க. மேற்கு கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம், அந்த மாசங்கள்ல சாட்சி விசாரணை வர்ற மாதிரி தேதி கேட்டு வக்கீல சொல்ல சொல்லு. மத்த வாய்தாவுக்கு அவன் கடல்ல இருந்தா 355 மனு. வக்கீலுக்கு குடுக்க பைசா இல்லன்னா நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, தாலுகா கோர்ட்டுகள்லயும் அதுக்கு கமிட்டி உண்டு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். பெண்கள், பட்டியலினத்தவங்க, மாற்றுத்திறனாளிங்க, காவல்ல இருக்கிறவங்க, வருமானம் கொறஞ்சவங்க எல்லாருக்கும் 1987ம் வருஷ சட்டப்படி வக்கீல் இலவசம், அது தர்மம் இல்ல, உரிமை.

கேள்வி: வாரண்ட் ரீகால் ஆகி மூணு வாரம் ஆச்சு. நேத்து ராத்திரி மறுபடியும் போலீஸ் வீட்டுக்கு வந்துட்டாங்க. ரத்து ஆச்சுன்னு சொன்னா எங்களுக்கு தகவல் வரலங்கிறாங்க. – ஒரு வாசகர், தக்கலை

அண்ணே, இந்த கடிதத்த படிச்சப்ப எனக்கு கை நடுங்கிச்சு, காரணம் சொல்றேன். நான் வேலை பாத்த ஒரு கோர்ட்டுல ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒரு பையன பிடிச்சு கொண்டு வந்தாங்க. அவனுக்க வாரண்ட் பத்து நாள் முன்னாடியே ரத்து ஆகியிருந்துச்சு. அந்த உத்தரவு டைப் ஆகி, கையெழுத்தும் ஆகி, ஸ்டேஷனுக்கு போக வேண்டிய கட்டுல சேராம ஒரு ஃபைலுக்கு அடியில கெடந்துச்சு. எங்க ஆபீஸ் தப்பு. நீதிபதி உடனே விட்டுட்டாங்க, ஆனா அவன் அன்னைக்கு மத்தியானத்துல இருந்து ஜீப்புல, ஸ்டேஷன்ல, கைதியா இருந்தான், மறுநாள் அவனுக்கு தங்கச்சி கல்யாணம். அதுக்கு பிறகு நான் இருந்த வரைக்கும் ரீகால் உத்தரவு அன்னைக்கே கோர்ட் போலீஸ் கையில கையெழுத்து வாங்கி குடுக்காம நான் வீட்டுக்கு போனதில்ல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறது இல்ல. மகாராஷ்டிரால ஒரு வக்கீலையே, ரத்து ஆன வாரண்ட்ட வச்சு 2002 சுதந்திர தினத்தன்னைக்கு கைது பண்ண கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2011ல தீர்ப்பு வந்துச்சு. வாரண்ட்டுக்கு கோர்ட்டுல ரிஜிஸ்டர் வைக்கணும், ஸ்டேஷன்லயும் வைக்கணும், ரத்து ஆனா அத ஒழுங்கா பதிஞ்சு தெரியப்படுத்தணும்னு அதுல வழிகாட்டுதல் குடுத்தாங்க.

நீங்க செய்ய வேண்டியது, ரத்து உத்தரவுக்கு நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்குங்க. ரெண்டு மூணு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ண ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட குடுத்து, குடுத்ததுக்கு உங்க நகல்ல தேதியும் கையெழுத்தும் சீலும் வாங்குங்க. அத போட்டோ எடுத்து போன்ல வையுங்க, ஒரிஜினல் நகல் வீட்டு அலமாரியில இருக்கட்டும். இன்னும் வந்தா உங்க வக்கீல் மூலமா கோர்ட்டுல மெமோ போட்டு வாரண்ட்ட திரும்ப கேட்டு வாங்க சொல்லுங்க. வர்ற போலீஸ்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, வாரண்ட்ட காட்டுங்கன்னு மரியாதையா கேளுங்க, கேட்டா காட்டணும்னு சட்டம் இருக்கு. அதுல நீதிபதி கையெழுத்தும் கோர்ட் சீலும் இருக்கும், நம்பர பாத்து எழுதிக்கோங்க, வேற கேஸோட வாரண்ட்டா கூட இருக்கலாம்.

கேள்வி: எனக்க மாப்ள சவுதியில இருக்காவ. வீடு கட்ட வாங்குன பைசாவுக்கு குடுத்த செக் திரும்பி, நாகர்கோவில் கோர்ட்டுல கேஸ் ஆயி, இப்ப வாரண்ட். ஊருக்கு வந்தா ஏர்போர்ட்ல பிடிப்பாவளா? பாஸ்போர்ட் அடுத்த வருஷம் முடியும், புதுப்பிக்க முடியுமா? கம்பெனி லீவு தராது. – ஒரு வாசகி, கருங்கல்

மூணு கேள்வி கேட்டிருக்கிய, மூணும் ஒரே முடிச்சுதான். செக் திரும்பின கேஸுக்கு உள்ள 138ம் பிரிவுல அதிகபட்சம் ரெண்டு வருஷம் தண்டனை, இல்ல செக் தொகைக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆனா கோர்ட்டுக்கு வெளிய பேசி முடிச்சுட்டு வந்தாலும் சட்டம் ஒத்துக்கிற கேஸ் அது, லோக் அதாலத்துல நாள் முழுக்க நடக்கிறதே இதுதான். அதனால வாரண்ட்ட தனியா பாக்காம பைசா குடுக்க வேண்டியவங்ககிட்ட பேச்சு ஆரம்பிச்சீங்களான்னு மொதல்ல கேக்கிறேன்.

அவர் அங்க இருந்துகிட்டே வாரண்ட்ட ரத்து பண்ண கேக்க வழி இருக்கு. ஜாமீன் சம்பந்தமா சுப்ரீம் கோர்ட் 2022 ஜூலையில சதேந்தர் குமார் அன்ட்டில் வழக்குல குடுத்த தீர்ப்புல, ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றங்களுக்கு சொன்ன வழிமுறையில முக்கியமான ஒரு வரி இருக்கு. வாரண்ட் நிறைவேறுறதுக்கு முன்னாடி, அடுத்த வாய்தாவுக்கு நேர்ல வருவேன்னு உறுதிமொழி குடுத்து மனு போட்டா, ஆள் நேர்ல நிக்கணும்னு வற்புறுத்தாம வாரண்ட்ட ரத்து பண்ணலாம், இல்ல ஜாமீன் வாரண்ட்டாவோ சம்மனாவோ மாத்தலாம். உங்க வக்கீல் மனுவுல இத காட்டி கேக்கட்டும். ஒத்துக்கிறது நீதிபதி விருப்பம், சில பேரு ஆள பாக்காம ஒத்துக்க மாட்டாங்க, அப்ப மதுரைக்கு, ஐகோர்ட் கிளைக்கு போற வழி இருக்கு. வக்காலத்தும் அஃபிடவிட்டும் அங்க இந்திய தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், வீட்டுல இருந்து நீங்க அவருக்காக கையெழுத்து போட்டு அனுப்பிராதீங்க, நல்ல மனசோட செஞ்சாலும் அது பெரிய தப்பா முடியும். உறுதிமொழி குடுத்தா அந்த தேதிக்கு டிக்கெட் போட்டு வந்தே ஆகணும், அத மீறினா அடுத்த தடவ யாரும் காது குடுக்க மாட்டாங்க. ஒரு தடவ வந்து ஆஜர் ஆகி ஜாமீன் குடுத்துட்டா, பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வராம வக்கீல் மூலமா நடத்த பிஎன்எஸ்எஸ் 228ல விலக்கு கேக்கலாம், முன்ன இது 205.

ஏர்போர்ட் விஷயம், வாரண்ட் இருக்கிற எல்லாருக்கும் லுக் அவுட் சர்க்குலர், அதாவது ஏர்போர்ட்டுக்கு போற தேடுதல் அறிவிப்பு, தானா போறதில்ல, அது போலீஸ் மாதிரி ஏஜென்சி தனியா கேட்டு போடுறது. செக் கேஸுக்கு அது அபூர்வம். ஆனா பாஸ்போர்ட் சட்டம் 6(2)ல, கிரிமினல் கேஸ் நடந்துட்டு இருந்தாலோ, கோர்ட் வாரண்ட் இல்ல சம்மன் குடுத்திருந்தாலோ பாஸ்போர்ட் மறுக்கலாம்னு தெளிவா இருக்கு. கேஸ் இருக்கும்போது கோர்ட் அனுமதி உத்தரவோட விண்ணப்பிக்க 1993 அறிவிப்பு ஒண்ணு வழி விடுது, அந்த அனுமதிய வாரண்ட் நிலுவையில இருக்கிறவருக்கு எந்த கோர்ட் குடுக்கும் சொல்லுங்க. அதனால வரிசை இதுதான், வாரண்ட் ரத்து, பிறகு பாஸ்போர்ட் அனுமதி, கூடவே சமரச பேச்சு. பாஸ்போர்ட் முடிய கடைசி மாசம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஆரம்பிங்க.

கேள்வி: கூட ரப்பர் பால் வெட்டுற ஒருத்தனுக்கு ஜாமீன் நின்னேன். அவன் கேரளாவுக்கு போனவன் திரும்பி வரல. இப்ப எனக்கு கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. என்னையும் பிடிப்பாங்களா? – ஒரு வாசகர், குலசேகரம்

தம்பி, நோட்டீஸ் வந்ததும் ஒளிஞ்சுக்காம எழுதி கேட்டியே, அதுவே பாதி கிணறு தாண்டின மாதிரி. நீ குடுத்த பாண்டுல ஒரு தொகை எழுதியிருக்கும், அவன் வரலன்னா நான் இத கட்டுறேன்னு அர்த்தம். அவன் வராததுனால அந்த பாண்ட் போச்சு, ஏன் தொகைய கட்ட சொல்லக்கூடாதுன்னு காரணம் கேட்டு வந்திருக்கிற நோட்டீஸ் இது, பிஎன்எஸ்எஸ் 491ம் பிரிவு. இது கைது வாரண்ட் இல்ல. ஆனா பதில் சொல்லாம விட்டா அபராதம் மாதிரி வசூல் பண்ணுவாங்க, கட்டலன்னா ஜாமீன்தாரர சிவில் ஜெயில்ல ஆறு மாசம் வரைக்கும் வைக்கவும் அந்த பிரிவு எடம் குடுக்குது.

நோட்டீஸ்ல உள்ள தேதிக்கு கண்டிப்பா போ. அவன எங்கெல்லாம் தேடினேன், யார்கிட்ட விசாரிச்சேன், எந்த ஊர்ல இருக்கான்னு கேள்விப்பட்டேன், உனக்கு என்ன வருமானம், மழை சீசன்ல வெட்டு இல்லாம எத்தன நாள் கெடக்கும், எல்லாத்தையும் எழுதி குடு. தொகையில ஒரு பகுதிய தள்ளுபடி பண்ண கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. அவன கூட்டிட்டு வந்து நிறுத்த முடிஞ்சா அத விட நல்லது ஒண்ணும் இல்ல, கொஞ்சம் அவகாசம் கேளு, குடுப்பாங்க. இனிமேலும் அவனுக்கு பொறுப்பா இருக்க முடியாதுன்னா அதே சட்டம் 489ல ஜாமீன்தாரர் விலகல் மனு போடலாம், அப்ப கோர்ட் அவனுக்கு வாரண்ட் போட்டு வரவச்சு வேற ஜாமீன்தாரர் கேக்கும். கூட வேலை பாக்கிறவனுக்கு உதவினதுக்கு நீ வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வாட்ஸ்அப் வீடியோ கால்ல போலீஸ் உடுப்புல ஒருத்தன் வந்து என் ஆதார்ல பார்சல் பிடிபட்டிருக்கு, வாரண்ட் இருக்குன்னு சீல் வச்ச பேப்பர் அனுப்பி, கேமராவ அணைக்காம உக்காருங்கன்னான். பயந்து கட் பண்ணிட்டேன். உண்மையா இருந்தா என்ன செய்ய? – ஒரு வாசகி, நாகர்கோவில்

டீச்சர், நூத்துக்கு நூறு பொய். கட் பண்ணது ரொம்ப சரி. டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு நம்ம நாட்டு சட்டத்துல எதுவுமே இல்ல. எந்த கோர்ட்டும் பைசா கட்டினா வாரண்ட்ட எடுத்துருவோம்னு போன்ல சொல்லாது, வாரண்ட்ட ரத்து பண்றது திறந்த கோர்ட்டுல நடக்கிற காரியம். அந்த நம்பர், பேப்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு கூப்பிட்டு புகார் குடுங்க. பைசா போயிருந்தா எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது. மனசு ஆறலன்னா இ-கோர்ட்ஸ்ல உங்க பேர போட்டு ஒரு தடவ பாத்துக்கோங்க, ஒண்ணும் இருக்காது.

கேள்வி: மகன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். ஸ்பீடா போனதுக்கு டிக்கெட் குடுத்திருக்காங்க, வீடு மாறினதுல மறந்துட்டான், இப்ப சிட்டி கோர்ட்டுல வாரண்ட் இருக்குன்னு சொல்றான். அங்க யாருமே இல்லாம தனியா இருக்கான், நாங்க இங்க தூங்கல. – ஒரு அம்மா, மார்த்தாண்டம்

அம்மா, அங்க உள்ள கோர்ட்டுல நான் வேலை பாத்ததில்ல, ஆனா வேர் ஒண்ணுதான். வாய்தாவுக்கு வரலன்னா நீதிபதி பெஞ்சுல இருந்தே போடுற உத்தரவுங்கிறதுனால அங்க பெஞ்ச் வாரண்ட்டுன்னு சொல்றாங்க, நம்ம என்.பி.டபிள்யூ.க்கு ஒண்ணு விட்ட சகோதரன் மாதிரி. டிக்கெட் கேஸ்கள நகராட்சி கோர்ட்டே விசாரிக்கும். டெக்சாஸ்ல தீர்ப்புக்கு முன்னாடி போட்டா அலையஸ் வாரண்ட், தீர்ப்பாகி அபராதம் கட்டாம விட்டா கேபியஸ் ப்ரோ ஃபைன்னு ரெண்டு விதமா பேர் வச்சிருக்காங்க, எதுங்கிறத பொறுத்து தீர்க்கிற வழி மாறும். அத தெரிஞ்சுக்க அந்த சிட்டி கோர்ட் சைட்டுல பேரும் டிக்கெட் நம்பரும் போட்டு பாக்கலாம், இல்ல கோர்ட் கிளார்க் ஆபீஸுக்கு போன் பண்ணி கேக்கலாம், அங்க போன்லயே விவரம் சொல்வாங்க.

உங்களுக்கு ஆறுதலா ஒண்ணு சொல்றேன், டெக்சாஸ்ல 2017ல சட்டத்த திருத்தி, வாரண்ட்ட போலீஸ் நிறைவேத்துறதுக்கு முன்னாடி ஆள் தானா கோர்ட்டுக்கு வந்து நல்ல மனசோட தீர்க்க முயற்சி பண்ணா அந்த வாரண்ட்ட கோர்ட் ரீகால் பண்ணணும்னே எழுதி வச்சிருக்காங்க. அதனால அவன் போகணும், இல்ல அந்த ஊர் டிராஃபிக் வக்கீல் ஒருத்தர வச்சு போகணும். போகாம வண்டி ஓட்டிட்டு இருந்தா எங்கயாவது சும்மா நிறுத்தி லைசென்ஸ் பாக்கும்போதே வாரண்ட் தெரிஞ்சு கைது ஆகலாம், லைசென்ஸ் புதுப்பிக்கவும் தடை விழலாம். ஆன்லைன்ல அபராதம் கட்டினா முடிஞ்சுதேன்னு அவசரப்பட்டு கட்டிர சொல்லாதீங்க, அங்க அபராதம் கட்டுறது குற்றத்த ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க, அவன் விசாவுல இருக்கிறவன்னா கட்டுறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டும். புது வீட்டு அட்ரஸ கோர்ட்டுக்கு எழுதி குடுக்கவும் சொல்லுங்க, எல்லாம் அந்த ஒரு லெட்டர் கைக்கு வராததுல ஆரம்பிச்சதுதானே.

கேள்வி: நான் ஒரு ஆக்சிடெண்ட்ட பாத்த சாட்சி மட்டும்தான். ரெண்டு சம்மனுக்கு போகல, இப்ப வாரண்ட்டுங்கிறாங்க. சாட்சிக்கும் வாரண்ட் வருமா? – ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

வரும் சார். சாட்சிக்கு பெரும்பாலும் ஜாமீன்ல விடக்கூடிய வாரண்ட்தான் மொதல்ல வரும். அந்த தேதிக்கு நேரா கோர்ட்டுக்கு போயி, அரசு வக்கீல் ஏ.பி.பி.கிட்ட வந்திருக்கேன்னு சொல்லுங்க, சாட்சி சொல்லி முடிச்சதும் வாரண்ட் அங்கேயே ரத்து ஆகும். போக்குவரத்துக்கு சாட்சிப்படி உண்டு, கேட்டு வாங்குங்க. அன்னைக்கு விசாரணை நடக்காம தள்ளி வச்சா அடுத்த தேதிய பெஞ்ச் கிளார்க்கிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க.